ரிசல்ட்டுக்கு அப்புறம் பூத் பசங்க சோர்ந்து கிடக்கறாங்க: என்ன செய்யச் சொல்லலாம்?

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை கேட்டது:

வணக்கம்ங்க. 2024 லோக்சபா தேர்தலோட ஜூன் 4 ரிசல்ட் வந்து மூணு நாள் ஆச்சு. இங்க வாசகசாலைக்கு வர்ற பசங்கள்ல மூணு அணிக்கும் பூத் வேலை பார்த்தவங்க இருக்காங்க. ஒருத்தர் முகத்துலயும் தெளிச்சல் இல்லை. இடதுசாரி அணியில நின்னவங்களுக்கு நம்ம ஆலத்தூர் தொகுதி கிடைச்சது, ஆனா கேரளாவுல இருக்கற இருபதுல அது ஒண்ணு மட்டுந்தான். காங்கிரஸ் அணிக்குப் பதினெட்டு கிடைச்சும் சொந்தத் தொகுதி கைவிட்டுப் போச்சு, டில்லியிலயும் ஆட்சி வரலை. பாஜக பசங்களுக்குத் திருச்சூர் கிடைச்சது, ஆட்சியும் இருக்கு. ஆனா 303 சீட்டு இருந்தது 240 ஆயிருச்சு. எல்லை தாண்டினா பொள்ளாச்சி, கோயமுத்தூர் ரெண்டுமே திமுக.

ஆக, மூணு பக்கமும் ஏமாற்றம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன், காலையில வேலைக்குப் போக மனசில்லை, பொள்ளாச்சிப் பக்கத்து ஒறம்பறையோட (சொந்தக்காரங்களோட) குரூப்புல சண்டை. "நான் இன்னும் நாலு வீடு ஏறியிருந்தா" என்று ஒருத்தன், "மிஷின்ல கோளாறு" என்று இன்னொருத்தன். இவங்களுக்கு என்ன சொல்லணும், எந்த வரிசையில செய்யச் சொல்லணும்? பொதுவா ஆறுதல் சொல்றது வேண்டாம்ங்க, செய்யக்கூடியதா சொல்லுங்க.

எருத்தேம்பதி சிஸ்டர் பதில்:

முதல்ல உடம்பைப் பாருங்க. கட்சிக் கணக்கு அப்புறம். ரெண்டு மாசமா காலையில ஆறுக்குக் கிளம்பி ராத்திரி பதினொண்ணுக்கு வீடு திரும்பின உடம்பு, ஒரே நாள்ல நின்னு போச்சு. அது இன்னும் ஓடற வேகத்துலயே இருக்கும். நெஞ்சு படபடப்பு, பசியில்லாமை, சின்னப் பேச்சுக்கே எரிஞ்சு விழறது எல்லாம் அதனாலதான் பெரும்பாலும் வருது.

தூக்கத்துல இருந்து தொடங்கணும். படுக்கற நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. எழுந்திரிக்கற நேரத்தை முடியும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழுந்து அரைமணி நேரம் வெளிச்சத்துல நடக்கணும். பகல்ல தூங்கினா இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம். மத்தியானம் மூணு மணிக்கு அப்புறம் டீ, காப்பி நிறுத்தணும். படுத்து இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வேற இடத்துல உட்காரணும். படுக்கையிலேயே புரண்டுகிட்டு ஓட்டு எண்ணிக்கையை யோசிச்சா, நாளாவட்டத்துல படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வர்ற மாதிரி மனசு பழகிரும். போன் வேற அறையில இருக்கட்டும்.

கள்ளோ பிராந்தியோ குடிச்சா தூக்கம் வரும்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. சீக்கிரம் கண் அசரும், உண்மைதான். பின்னிரவுல தூக்கம் கலைஞ்சு மூணு மணிக்கு முழிப்பு வந்துரும், வந்தா பழைய யோசனை முன்னைவிடக் கனமா வரும். இந்த ரெண்டு வாரத்துக்காவது தவிர்க்கச் சொல்லுங்க.

செய்தியை அடியோட நிறுத்துன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நேரம் வைக்கச் சொல்லுங்க: காலையில சாப்பிட்டதுக்கு அப்புறம் பதினஞ்சு நிமிஷம், சாயங்காலம் ஆறுக்குள்ள பதினஞ்சு நிமிஷம். டிவி விவாதத்தைவிட பேப்பர் நல்லது, அதுக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கு. வாட்ஸாப்ல கட்சிக் குரூப்பை "எப்போதும்" என்று மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போடலாம். எட்டு மணிநேரம், ஒரு வாரம்னு வச்சா அது முடிஞ்ச அன்னிக்கே மறுபடி ஆரம்பிச்சிரும்.

பேசறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. "விடுப்பா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று முதல் நாளே சொல்லாதீங்க. அவன் உழைப்பை நீங்க ஒரு வார்த்தையில அள்ளிப் போட்ட மாதிரி ஆயிரும். "இதுல எது ரொம்ப உறுத்துது?" என்று கேட்டுட்டுச் சும்மா இருங்க. சில பேருக்குத் தோல்வி. சில பேருக்கு எதிர்த்தரப்பு ஊர்வலத்துல கேட்ட ஒரு கேலி. சில பேருக்கு அடுத்த அஞ்சு வருஷம் தன் வேலை, தன் சமூகம், தன் பிள்ளைங்க படிப்பு என்ன ஆகும்ங்கற பயம். இன்னும் சில பேருக்குக் கடன். எது என்று தெரியாம சொல்ற ஆறுதல் எதுக்கும் பொருந்தாது. பயம்னு சொன்னா, எந்தச் சட்டம், எந்தத் திட்டம் என்று பேர் சொல்ல வைங்க. பேர் வந்துட்டா அதைப் பத்தி விசாரிக்க முடியும். பேர் வராத பயந்தான் ராத்திரியில வளரும்.

ரெண்டு வாரத்துக்கு மேல, நாளோட பெரும்பகுதியும் மனசு இருண்டே இருந்தா, பிடிச்ச வேலையிலகூட நாட்டம் இல்லைன்னா, அது தேர்தல் வருத்தத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். குடும்பாரோக்கிய மையத்துல (ஊர் அரசு ஆஸ்பத்திரி) ஆஸ்வாசம் என்று மனச்சோர்வுக்கான ஏற்பாடு இருக்கு, அங்க கேளுங்க. "இருந்து என்ன பிரயோஜனம்" என்று யாராவது சொன்னா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க. "சாகணும்னு தோணுதா?" என்று நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது. தனியா விடாம கூட உட்கார்ந்து 14416-க்குப் போன் போடுங்க. டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண் அது, இருபத்திநாலு மணிநேரமும் உண்டு, காசில்லை, தமிழ்லயே பேசலாம். கேரளாவோட திசா சுகாதார உதவி எண் 1056.

பதினேழு சி பதில்:

சிஸ்டர் சொன்னதோட சேர்த்து, அந்த "நாலு வீடு" பையனுக்குக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. மனசுல ஓடற கணக்குக்கு எல்லையில்லை, தாள்ல போட்டா முடிஞ்சிரும்.

ஆலத்தூர்ல வித்தியாசம் 20,111. ஒரு ஓட்டு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் மாறினா வித்தியாசம் ரெண்டு குறையும். ஆக முடிவு மாற 10,056 பேர் மாறி ஓட்டுப் போட்டிருக்கணும். நாலு வீட்டுல பன்னெண்டு ஓட்டுன்னு வச்சாலும் அந்த மாதிரி எண்ணூறுக்கும் மேல பையனுங்க வேணும். சித்தூர், நெம்மாறை, தரூர், ஆலத்தூர், சேலக்கரை, வடக்கஞ்சேரி, குன்னங்குளம் என்று ஏழு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த இடம் இது. 2019-ல ஒன்றரை லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல ஒரு பக்கம் போன தொகுதி இந்தத் தடவை மறுபக்கம் வந்திருக்கு. அவ்வளவு பெரிய அலையை ஒரு பூத்துல நின்னு திருப்ப முடியாது. ஆனா தன் பூத்துல என்ன நடந்ததுன்னு பார்க்க அவனுக்கு உரிமை இருக்கு. படிவம் 20 என்று பூத் வாரியா ஓட்டுக் கணக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியோட தளத்துல போடுவாங்க. அதை 2019 படிவத்தோட வச்சுப் பார்க்கலாம். பூத் எண்ணும் எல்லையும் இடையில மாறியிருக்கலாம். எண்ணை நம்பாம பள்ளிக்கூடத்துப் பேரைப் பார்த்து ஒப்பிடணும்.

மிஷின் சந்தேகம். இதைத் திட்டி அடக்கவும் வேண்டாம், ஊதிப் பெருக்கவும் வேண்டாம். சரிபார்க்க வழி இருக்கு. ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் பூத்தோட தலைமை அதிகாரி ஒவ்வொரு கட்சி ஏஜெண்டுக்கும் 17சி படிவம் கையெழுத்துப் போட்டுத் தரணும். கன்ட்ரோல் யூனிட் (ஓட்டைப் பதிஞ்சு வைக்கற மிஷின்) எண், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதுல இருக்கும். அந்த நகலை எடுத்து, எண்ணிக்கை நாள்ல அதே மிஷினுக்கு வந்த மொத்தத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா உடனே மோசடின்னு குதிக்க வேண்டாம். காலையில மாதிரி ஓட்டுப் போட்டதை அழிக்காம விட்டுட்டா அந்த மிஷினைத் தனியா வச்சிருவாங்க. ஜெயிச்ச வித்தியாசம் அதைவிடக் குறைவா இருந்தாத்தான் அதோட விவிபேட் சீட்டை (ஓட்டுப் போட்டதும் யாருக்குன்னு அச்சாகி விழற தாள்) எண்ணுவாங்க. தபால் ஓட்டு 17சி-ல வராது, அது தனிக் கணக்கு. இந்த ரெண்டையும் கழிச்சும் கணக்கு உதைச்சா அப்புறம் பேசலாம்.

விவிபேட் சீட்டு ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் அஞ்சு பூத் குலுக்கல்ல எடுத்து எண்ணணும். ஆலத்தூருக்கு முப்பத்தஞ்சு. அதுக்கு மேல, உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி, கேரளா ஓட்டுப் போட்ட அன்னிக்கே, ஒரு தீர்ப்பு கொடுத்தது: ரெண்டாவது, மூணாவது இடம் வந்த வேட்பாளர் எழுதிக் கேட்டா, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு அஞ்சு சதவீத மிஷின்களோட மெமரியைத் தயாரிச்ச நிறுவனத்து இன்ஜினியர்கள் சோதிக்கணும். ரிசல்ட்டு வந்த ஏழு நாளுக்குள்ள கேக்கணும். செலவு கேக்கறவருது, கோளாறு நிரூபணம் ஆனா திருப்பிக் கிடைக்கும். ஏழு நாள்னா ஜூன் 11. வேட்பாளர் தரப்புல யாரும் கேக்கத் தயாரா இல்லைன்னா, அந்தப் பையன் குரூப்புல ஆறு மாசம் சண்டை போடறதுல அர்த்தமில்லை என்று அவனுக்கே புரியும்.

கோர்ட்டுக்குப் போறதுன்னா உயர் நீதிமன்றம், 45 நாள், அதாவது ஜூலை 19-க்குள்ள. வேட்பாளர் மட்டுமில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் போடலாம். பிணைத்தொகை 2,000 ரூபாய், வக்கீல் செலவு வேற. பெரும்பாலான மனு விழற இடம் எதுன்னா, தப்பு நடந்ததுன்னு காட்டறாங்க, ஆனா அந்தத் தப்பால முடிவு மாறிச்சுன்னு காட்ட முடியறதில்லை. இருபதாயிரம் வித்தியாசத்துல நூறு ஓட்டுப் புகார் நிக்காது. 45 நாள் தாண்டினா கோர்ட் அவகாசமும் தராது.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

ரொம்ப நன்றிங்க. 17சி நகல் நாலு பூத்துக்கு இங்கேயே இருக்கு, இன்னிக்கே உட்கார்ந்து பார்க்கறோம். இன்னும் ரெண்டு கேள்வி. "தமிழ்நாட்டுல ஏப்ரல் 19-ல போட்டவங்களே இங்க 26-ல வந்து போட்டாங்க" என்று ஒரு பேச்சு ஊர் முழுக்க ஓடுது. ரெண்டாவது, பெட்டு, ரிசல்ட்டு மேல கட்டின பந்தயம். சில பசங்க பெரிய தொகை கட்டித் தோத்திருக்காங்க, வீட்டுக்குத் தெரியாது.

பதினேழு சி:

ரெட்டைப் பேர் எல்லைப்பக்கம் உண்மையாவே இருக்கற பிரச்சனை. கல்யாணம் பண்ணிப் போன பொண்ணு பேர் பிறந்த வீட்டுப் பட்டியல்லயும் இருக்கும், தோட்டத்து வேலைக்கு வந்தவர் பேர் ரெண்டு பக்கமும் இருக்கும். ரெண்டு பட்டியல்ல பேர் இருந்தாலே ரெண்டு தடவை போட்டார்னு ஆகாது. போட்டிருந்தா சட்டப்படி ரெண்டு ஓட்டும் செல்லாது. ஊர்ப்பேச்சா விடாம பேர், பாகம் எண், வரிசை எண் மூணும் எழுதுங்க. மூணுமில்லாத புகாரை யாரும் விசாரிக்க முடியாது. பேரை நீக்கக் கேக்கறது படிவம் 7, அந்தத் தொகுதி வாக்காளர்தான் தரணும், பூத் லெவல் ஆபீசர்கிட்டயோ இணையத்துலயோ தரலாம். அதுக்கு முன்னால அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்ச் சொல்லிப் பாருங்க. பாதிப்பேர் தானாவே நீக்கித் தருவாங்க. இடம் மாறினதுன்னா படிவம் 8.

வேலந்தாவளம் அக்கா பதில்:

பெட்டு விஷயத்தை நான் சொல்றேன் தம்பி. பந்தயம் கட்டின காசு சட்டத்துக்கு முன்னால கடனே இல்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவுல பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயிச்ச தொகையைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது, நடுவுல ஒரு ஆள்கிட்டக் கொடுத்து வச்ச பணத்துக்கும் அதேதான். இதை அந்தப் பசங்ககிட்டச் சொல்றது ஏமாத்தச் சொல்லி இல்லை. மிரட்டலுக்குப் பயந்து வெத்துத் தாள்ல கையெழுத்து, வெத்துச் செக், வண்டியோட ஆர்.சி. புக் எதையும் கொடுத்துடக் கூடாதுங்கறதுக்காக. பந்தயக் காசு கைமாத்துக் கடன்னு எழுத்துல மாறிட்டா அப்புறம் அதைப் பந்தயம்னு நிரூபிக்கற பாரம் இவன் தலையில விழும். செக் போயிட்டா இன்னும் கஷ்டம்.

ஆனா பெட்டுக் கட்டறதுக்குன்னு வேற ஒருத்தர்கிட்ட வாங்கின பணமோ, அடகு வச்ச நகையோ வேற விஷயம். அது உண்மைக் கடன். ஒரு தாள்ல யாருக்கு எவ்வளவு, எத்தனை வட்டி, எந்தத் தேதின்னு எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது இந்த வாரத்துக்குள்ள சொல்லணும். அம்மாகிட்ட முடியலைன்னா அக்கா, மாமான்னு யாராவது. ஒரு கடனை அடைக்க இன்னொரு மீட்டர் வட்டி வாங்கறதுதான் பசங்க செய்யற பெரிய தப்பு. அதிக வட்டி எதுவோ அதை முதல்ல அடைக்கணும், நகைக்கடனைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பேங்குக்கோ மாத்த முடியுமான்னு கேக்கணும். சிஸ்டர் மேல சொன்ன "இருந்து என்ன" பேச்சு, தோல்வியைவிட இந்த மறைச்ச கடன்லதான் வரும். பெட்டுக் கட்டினவனைக் கூடுதலாக் கவனிங்க.

ஒறம்பறைக் குரூப்பு. அட்மினா இருக்கறவங்க ஒரு வாரத்துக்கு "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று வச்சிரலாம், ஆனா முன்கூட்டியே "கல்யாணச் செய்தி, ஆஸ்பத்திரிச் செய்தி என்கிட்ட அனுப்புங்க, நான் போடறேன்" என்று சொல்லிட்டுச் செய்யணும். சொல்லாமச் செஞ்சா அதுவே அடுத்த சண்டை. யாரையும் நீக்காதீங்க. நீக்கினா அது மச்சான் மச்சினன் சண்டையா மாறி அடுத்த சீருக்கு வராம நிக்கற வரைக்கும் போகும். ஏற்கனவே வார்த்தை விட்டவங்க, குரூப்புலயே மன்னிப்புக் கேட்டு எழுதினா அதுக்கும் நாலு பேர் பதில் போடுவாங்க. நேர்ல போங்க, இல்லைன்னா போன்ல. "அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு மாமா" என்று மட்டும் சொல்லுங்க. "ஆனா நீங்களும்" என்று இழுத்தா முடிஞ்சுது. கட்சிக் கருத்தை மாத்திக்கச் சொல்லலை, வார்த்தையை மட்டும் திருப்பி வாங்கிக்கச் சொல்றேன்.

ஜெயிச்ச பக்கத்துப் பசங்களுக்கும் சொல்லுங்க. தோத்தவன் வீட்டு வாசல்ல பட்டாசு வெடிக்கறதும் அவன் மோட்டார்சைக்கிள் முன்னால கொடியை ஆட்டறதும் இன்னும் அஞ்சு வருஷம் மறக்காது. அதே தெருவுல, அதே குடும்பஸ்ரீ மகளிர் குழுவுல, ஒரே ரேஷன் கடையில நிக்கப் போறவங்க நாம.

மூலத்தறை வாய்க்கால் பதில்:

சிஸ்டர் சொல்றது சரிதான், ஆனா ரெண்டு வாரம் சும்மா உட்காரச் சொல்றதுல எனக்கு உடன்பாடில்லை. ஓடிப் பழகின பசங்க. வேலையில்லாம உட்கார்ந்தா யோசனை இன்னும் ஏறும். சின்னதா, ஊருக்குள்ளேயே, முடிவு கண்ணுக்குத் தெரியற வேலையா கொடுங்க.

முதல் வேலை பாக்கி தீர்க்கறது. மைக் செட், வேன், டீக்கடை, சுவர் எழுதின கூலி. வேட்பாளர் தன் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள்ள தாக்கல் பண்ணணும். அதனால பில்லு இந்த மாசமே ஏஜெண்டு கையில போகணும், இல்லைன்னா அந்தக் காசு கடைசியில பூத் பையன் தலையில நிக்கும். போர்டு, தோரணத்தையும் தன் பூத்துல தானே கழட்டட்டும். தோத்த போஸ்டரைத் தினமும் பார்த்துகிட்டே நடக்கறது யாருக்கும் நல்லதில்லை.

அடுத்தது உள்ளாட்சித் தேர்தல். கேரளாவுல 2020 டிசம்பர்ல நடந்தது, அஞ்சு வருஷம் 2025 முடிவுல வருது. நிறைய பேருக்குத் தெரியாதது: பஞ்சாயத்து ஓட்டர் பட்டியல் வேற. அது மாநிலத் தேர்தல் கமிஷன் தயாரிக்கறது. இப்ப லோக்சபாவுக்கு ஓட்டுப் போட்டவர் பேர் அதுல தானா வந்துராது, தனியாச் சேர்க்கணும். பொள்ளாச்சிப் பக்கம் அப்படியில்லை, அங்க சட்டமன்றப் பட்டியலையே எடுத்துக்குவாங்க. அதனால நம்ம ஆளுங்க குழம்பிடறாங்க. லோக்சபாவுல இருபதாயிரம் வித்தியாசம், வார்டுல பல நேரம் ஐம்பது நூறுதான். "நாலு வீடு" அங்க நிஜமாவே முடிவை மாத்தும்.

கிராமசபை மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும், வார்டு வாக்காளர்ல பத்து சதவீதம் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லறதுக்கான குறைஞ்சபட்ச ஆள் கணக்கு. மூணு கட்சிப் பசங்களும் சேர்ந்து ஆள் கூட்டினா கோரம் நிறையும், அதுக்குக் கட்சி வேண்டியதில்லை.

அப்புறம் தண்ணி. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப்புழை ஆத்துக்கு வரணும். நீர்வருஷம் ஜூலை 1-ல தொடங்குது. இது ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல இருக்கற விஷயம், அதனால எம்.பி. கேக்க வேண்டிய கேள்வி. யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு மனுவுல யாரும் கேக்கறதில்லை. எழுதறப்ப "தண்ணி வரலை" என்று மட்டும் எழுதாதீங்க. கிளை வாய்க்கால் பேர், மடை எண், கடைமடையில எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை வரலை, இது நாலும் இருக்கணும். பாசன அலுவலகத்துக்கு ஒண்ணு, எம்.எல்.ஏ., எம்.பி.க்கு நகல். தமிழ்லயே எழுதலாம், 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மைக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கு, பதிலும் தமிழ்ல வரணும். கொடுக்கறப்ப ரசீது வாங்கிடுங்க.

எருத்தேம்பதி சிஸ்டர்:

வாய்க்கால் அண்ணா, சும்மா உட்காரச் சொல்லலைங்க. வேலை நல்லதுதான். முதல் நாலு நாள்ல நாளுக்கு ஒரு மணிநேரம் போதும், போர்டு கழட்டறது, பில்லுத் திரட்டறது மாதிரி கை வேலை. வாக்காளர் வீடு ஏறற வேலையை ஒரு வாரம் கழிச்சு வைங்க. தூக்கமில்லாத ஆள் எதிர்க்கட்சி வீட்டு வாசல்ல நின்னா கைகலப்புல முடியும். ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க, முடிஞ்சா வேற வேற கட்சிப் பசங்களா. பெட்டுல தோத்த பையனைப் பணம் வசூலிக்கற வேலையில மட்டும் போடாதீங்க.